கர்ப்பத்தில் தட்டம்மை: ஆறு நாள் கணக்கு

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

ஊரில் நாலு குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால் போதும், கர்ப்பிணிகளிடமிருந்து நமக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் சிலவற்றுக்கு மகப்பேறு மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு ஐந்தாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய சின்னப் பையன் காய்ச்சலும் சளியுமாக என் மடியிலேயேதான் கிடந்தான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது, தட்டம்மையாம். இன்று புதன். எனக்கு ஒன்றும் இல்லை. உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல்

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தது. இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாகத் தருகிறோம்.

தடுப்பூசி வேண்டாம். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுவது எம்.ஆர்., அதோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்தது எம்.எம்.ஆர். இரண்டிலும் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். கர்ப்பிணிக்கு அதைப் போடுவதில்லை. மற்றவர்களுக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் அந்த ஊசியே நோயைத் தடுக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால் வேறொரு வழி இருக்கிறது. அதற்கு 6 நாள்தான் அவகாசம்.

முதலில் நாளைக் கணக்கிடுங்கள். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்து, தெரிந்த பின் 4 நாள்வரை தட்டம்மை அடுத்தவருக்கு ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் நோயைப் பரப்பிக்கொண்டுதான் இருந்தான். மடியில் படுத்திருக்கத் தேவையே இல்லை, ஒரே அறையில் இருந்தாலே போதும். அவன் வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் கிருமி தங்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேர்வரை தொற்றிக்கொள்ளும். ஞாயிறு பூஜ்ஜியம் என்றால் உங்கள் ஆறாவது நாள் சனிக்கிழமை.

அடுத்து, உங்களுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சீட்டு இருந்தால் கவலையை விடுங்கள். இல்லையென்றால் தட்டம்மைக்கான ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனையை (ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று காட்டுவது) அன்றே கொடுங்கள், முடிவு எப்போது வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆய்வகங்கள் மாதிரியை வெளியூருக்கு அனுப்பிவைக்கும், மூன்று நாள் அதிலேயே கரைந்துவிடும். முடிவு நெகட்டிவ் என்றாலோ, ரெண்டுங்கெட்டானாக வந்தாலோ, சனிக்கிழமைக்குள் வரவே வராது என்றாலோ, பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அந்த அடுத்த படி, ஐ.வி.ஐ.ஜி. எனப்படும் இம்யூனோகுளோபுலின். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் இது. எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் நரம்பு வழியே ஏற்றுவார்கள். 60 கிலோ எடைக்கு 24 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் ஐந்து. மெதுவாக, பல மணி நேரம் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் குளிர் நடுக்கம், தலைவலி, ரத்த அழுத்த மாற்றம் எல்லாம் வரும். முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, ரத்தப் பொருள் ஏற்றி ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடுப்பில் ஊசியாகப் போடும் வகையும் உண்டு. அதன் அளவு கிலோவுக்கு அரை மில்லி, உச்ச வரம்பு 15 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு அது பற்றாது. கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழி முறையை விரும்புவது இதனால்தான். மருந்து விலை அதிகம், எல்லா ஊரிலும் கையிருப்பும் இருக்காது. ஆகவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரிய தனியார் மருத்துவமனைக்கோ முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. 104 சுகாதார உதவி எண்ணிலும் வழிகேட்கலாம்.

போனில் பேசும்போதே "தட்டம்மைக் குழந்தையோடு இருந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். பழகிய ஐந்தாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள்வரை நீங்களும் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் நோய் தள்ளிப்போய் வரவும் கூடும் என்பதால் 28 நாள்வரை எண்ண வேண்டும். அந்த நாட்களில் வழக்கமான கர்ப்பப் பரிசோதனைக்குப் போய், வரிசையில் இருபது கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் என்ன ஆகும்? கடைசி ஆளாகவோ தனி அறையிலோ பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தினமும் இருவேளை காய்ச்சல் பாருங்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது எனக்கு அம்மை போட்டது. வீட்டில் வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்கிறார்களே, தட்டம்மைக்கு நான் பயப்பட வேண்டாம்தானே?
- வாசகி, மணப்பாறை

உங்களுக்கு அன்று வந்தது எது என்பதைப் பொறுத்தது. நம் வீடுகளில் தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா எல்லாவற்றுக்கும் "அம்மை போட்டிருக்கு" என்றுதான் சொல்கிறோம். ஒன்று வந்து போனது இன்னொன்றைத் தடுக்காது.

அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். நீர் கோத்த கொப்புளமாக இருந்ததா, ஒன்று காய்ந்து பொருக்குத் தட்டும்போது பக்கத்தில் புதிதாக இன்னொன்று கிளம்பியதா, அரிப்பு தாங்க முடியவில்லையா? அப்படியென்றால் சின்னம்மை. ஏழாம் வகுப்பு வயதில் வந்து, தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் இருந்தது என்றால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தட்டம்மையில் கொப்புளம் இருக்காது. மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், வறட்டு இருமல், மூக்கொழுகல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சிவந்த கண். அதற்குப் பிறகுதான் காதுக்குப் பின்னாலும் நெற்றி முடியோரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று மேலிருந்து கீழாக மூன்று நாளில் இறங்கும். தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்னால் கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே டார்ச் அடித்துப் பார்த்தால் சிவந்த சதையில் ரவையைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மருத்துவர்கள் இதை வைத்தே நோயை முன்கூட்டிப் பிடித்துவிடுவார்கள். நீங்களாக விரலாலோ துணியாலோ தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

ரூபெல்லா மூன்று நாளில் வந்த தடம் தெரியாமல் போய்விடும். இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறிகட்டும், பெண்களுக்கு மூட்டு வலி இருக்கலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் கண், காது, இதயத்தைக் கெடுப்பது இதுதான். 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த பச்சிளம் குழந்தைகளின் தாய்மாரை விசாரித்தபோது வெளிப்பட்ட உண்மை இது.

தட்டம்மையே வந்திருந்தால் உங்கள் நம்பிக்கை சரி, ஆயுளுக்கும் காக்கும். ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை கண்டவர்களில் உயிரோடிருந்த முதியவர்களை 1846-இல் அது திரும்பி வந்தபோது தொடவில்லை என்று பானம் என்ற டேனிஷ் மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கேள்வி ஞாபகத்தைப் பற்றியதாக இருக்கும்போது ஐ.ஜி.ஜி. பரிசோதனைதான் கணக்கு.

என் மனைவிக்கு எட்டு மாதம். நேற்று தட்டம்மை என்று உறுதி செய்தார்கள். காய்ச்சல் 103. "அம்மன் இறங்கியிருக்கு, மருந்து மாத்திரை கொடுக்காதே" என்கிறார் என் அம்மா. குழந்தை ஊனமாகப் பிறக்குமா என்று மனைவி அழுகிறாள்.
- வாசகர், விருதுநகர்

முதலில் மனைவிக்குச் சொல்லுங்கள்: தட்டம்மை குழந்தைக்கு ஊனத்தை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அந்தப் பழி ரூபெல்லாவுடையது. இதைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கச் சொன்னால் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். தாயின் நுரையீரலிலும் பிரசவம் முந்திவருவதிலும். 1988-91-இல் தென் கலிபோர்னியாவில் தட்டம்மை பரவியபோது பாதிக்கப்பட்ட 58 கர்ப்பிணிகளின் விவரத்தைத் தொகுத்தார்கள். 35 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, 15 பேருக்கு நிமோனியா, 2 பேர் இறந்தார்கள். 5 கருச்சிதைவு, 13 குறைமாதப் பிரசவம். இந்த 18-இல் இரண்டைத் தவிர மற்றவை தடிப்பு தெரிந்த 14 நாளுக்குள் நடந்தவை. ஆகவே அடுத்த இரண்டு வாரம்தான் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய காலம்.

வைரஸைக் கொல்லும் மருந்து தட்டம்மைக்குக் கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் கூடாது. எட்டு மாதத்தில் அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்துக்கருகே உள்ள ரத்தக் குழாயையும் பாதிக்கும். மருந்துக் கடையில் "காய்ச்சல் செட்" என்று கட்டிக் கொடுப்பதில் இவை கலந்திருக்கும், வாங்காதீர்கள். இளநீர், கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். என்று நாள் முழுக்கக் கொடுங்கள். சிறுநீர் மஞ்சளாகவோ குறைவாகவோ போனால் போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கை. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பார்கள், ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 2 லட்சம் யூனிட். "தட்டம்மைக்கு வைட்டமின் ஏ நல்லது" என்று கேள்விப்பட்டு அதே மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 10,000 யூனிட்தான் வரம்பு, அதற்கு மேல் போனால் கருவுக்குக் கேடு.

உங்கள் அம்மாவோடு சண்டை வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டட்டும், அதைப் பார்த்து மற்ற கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் உள்ளே வராமல் இருப்பது நல்லதுதான். மஞ்சள் அரைத்துப் பூசினால்கூடப் பெரிய தீங்கில்லை. "தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்கிற ஒன்றை மட்டும் ஏற்காதீர்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கினால், மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால், பேசும்போதே இரைத்தால், குறைந்த காய்ச்சல் திரும்பவும் ஏறினால், கடும் தலைவலியோ குழப்பமோ தூக்கக் கலக்கமோ இருந்தால், அடிவயிறு விட்டுவிட்டு இறுகினால், நீரோ ரத்தமோ பட்டால் 108-ஐ அழையுங்கள், "கர்ப்பிணி, தட்டம்மை" என்று சொல்லியே அழையுங்கள். குழந்தையின் அசைவையும் தினம் எண்ண வேண்டும். சாப்பிட்ட பின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். தெரியவில்லையா, மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

தடிப்பு வந்து 4 நாள் ஆவதற்குள் வலி எடுத்துவிட்டால் பிரசவ அறைக்கு முன்கூட்டியே தகவல் வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி போடுவார்கள். கிலோவுக்கு அரை மில்லி, 3 கிலோக் குழந்தைக்கு ஒன்றரை மில்லி. தாயின் தொற்றுக் காலம் முடியும்வரை குழந்தையைத் தனியே வைத்துவிட்டு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கொடுக்கலாம், பாலைத் தடை செய்யத் தேவையில்லை. இந்த வயதில் தட்டம்மை பிடித்தால் குழந்தைக்கு அப்போதைய ஆபத்தும் உண்டு, பல ஆண்டு கழித்து மூளையைச் சிதைக்கும் எஸ்.எஸ்.பி.இ. நோயின் அபாயமும் கூடுதல்.

கர்ப்பம் என்று தெரியாமல் எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது ஐந்து வாரம் என்கிறார்கள். கலைத்துவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
- வாசகி, ஆவடி

கலைக்க வேண்டாம். தவறிப்போய் இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களை நீண்ட காலமாகக் கண்காணித்திருக்கிறார்கள். ரூபெல்லா நோய் செய்யும் கேட்டை ஊசி செய்ததாகத் தெரியவில்லை. ஊசி போட்ட தேதியை உங்கள் மகப்பேறு அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், வழக்கமான ஸ்கேன்களைத் தவறவிடாதீர்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது என்று சொல்வது முன்னெச்சரிக்கைக்காக.

மூத்தவளுக்கு ஒன்றரை வயது, எம்.ஆர். இரண்டாம் தவணை போட வேண்டும். நான் மூன்று மாதக் கர்ப்பம். அவளிடமிருந்து எனக்கு ஒட்டுமா?
- வாசகி, சீர்காழி

ஒட்டாது. இந்தப் புதன்கிழமையே போட்டுவிடுங்கள். உங்களுக்கு ஊசி போட முடியாத இந்த ஒன்பது மாதத்தில், வீட்டில் உள்ளவர்கள் போட்டுக்கொள்வதுதான் உங்களுக்கு வேலி. கணவரும் இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ளலாம்.

மகளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். 1998-இல் பிறந்தவள். தடுப்பூசி அட்டை வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை செய்வதா, நேரே ஊசியே போட்டுவிடுவதா?
- வாசகி, ஈரோடு

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு முன்னதாக யோசிப்பவர்கள் குறைவு.

1998-இல் பிறந்த குழந்தைக்கு அரசுத் திட்டத்தில் ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு தட்டம்மை ஊசிதான் உண்டு. இரண்டாம் தவணை 2010-இல்தான் வந்தது. அட்டை இருந்திருந்தாலும் அதில் ஒன்றுதான் இருந்திருக்கும். ஒன்பது மாதத்தில் போடும் ஒற்றைத் தவணை நூற்றில் ஏறக்குறைய 85 பேரைத்தான் காக்கும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் அப்போதும் மிச்சமிருந்து ஊசி வைரஸை அடக்கிவிடுவது ஒரு காரணம். இரண்டு தவணை போட்டால் 97 பேர் தேறுவார்கள். ரூபெல்லாவோ அரசுத் திட்டத்துக்கு வந்ததே 2017 பிப்ரவரியில். தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் முதலில் தொடங்கிய அந்த முகாமில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள், உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டிருப்பார். தனியாரில் போட்டிருந்தால் ஒழிய ரூபெல்லா ஊசி கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

அதனால் எங்கள் யோசனை, பரிசோதனைக்குக் காத்திராமல் எம்.எம்.ஆர். போட்டுவிடுங்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தாலும் கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. அரசு மையத்தில் போடும் எம்.ஆர். குழந்தைகளுக்கானது, பெரியவர்கள் தனியாரில்தான் போட வேண்டியிருக்கும். அரை மில்லி, தோலுக்கடியில். குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டாவது. அதன் பிறகு நான்கு வாரம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் இரண்டு மாதம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே ஆரம்பித்தால் நிதானமாக முடியும். போடும் நாளில் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கக் கூடாது. ஸ்டீராய்டு அதிக அளவில் எடுப்பவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஊசி போடும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மருந்து பொடியாக வரும், அதற்கென்றே வரும் திரவத்தில்தான் கலக்க வேண்டும். கலந்து நெடுநேரம் வெளியில் வைத்த பாட்டிலிலிருந்து எடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது செத்துவிடும்.

டொராண்டோவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறேன். எனக்கு 58 வயது. அங்கே தட்டம்மை பரவியது என்று செய்தியில் பார்த்தேன். நான் ஊசி போட வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

கனடாவில் 2024 அக்டோபரில் தொடங்கிய பரவல் ஓராண்டைத் தாண்டியதால், "தட்டம்மை ஒழிக்கப்பட்ட நாடு" என்ற தகுதியை அந்த நாடு 2025 நவம்பரில் இழந்தது. 2025 ஜூனில் ஒண்டாரியோவில் ஒரு சிசு இறந்தது. தடுப்பூசி போடாத தாயிடமிருந்து கருவிலேயே தட்டம்மை தொற்றி, குறைமாதத்தில் பிறந்த குழந்தை அது. வேறு உடல்நலச் சிக்கல்களும் அதற்கு இருந்ததாக அங்கே அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

உங்கள் தலைமுறையில் சிறுவயதிலேயே தட்டம்மை வந்து போகாதவர்கள் அரிது. என்றாலும் ஐ.ஜி.ஜி. பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக ஒரு தவணை எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ளுங்கள். மகளிடம் கேட்க வேண்டியது வேறு: அவருடைய கர்ப்பப் பரிசோதனை முடிவுகளில் ரூபெல்லா எதிர்ப்பாற்றல் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டம்மைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டும் தனித்தனி. போகும் வழியில் உங்களுக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் வந்தால் மகள் வீட்டுக்குள் நுழையாமல் முதலில் மருத்துவரிடம் போனில் பேசுங்கள்.

பிரசவம் முடிந்து நான்கு நாள். ரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ் என்பதால் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். தட்டம்மைக்கு ஐ.ஜி.ஜி. நெகட்டிவ். பால் கொடுக்கும்போது எம்.எம்.ஆர். போடலாமா?
- வாசகி, நாகர்கோவில்

போடலாம், வீட்டுக்குப் போகுமுன்பே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. போன பின் கைக்குழந்தையோடு திரும்பி வருவது பெரும்பாலும் நடப்பதில்லை. பால் கொடுப்பதற்குத் தடையில்லை. ஆன்டி-டியும் ஓர் இம்யூனோகுளோபுலின் என்பதால் ஊசியின் வேலையை மழுங்கடிக்கலாம். மூன்று மாதம் கழித்து ஐ.ஜி.ஜி. பார்த்து, பலன் இல்லையென்றால் மறுபடி போடுவார்கள். கர்ப்பத்தில் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றியவர்கள் மட்டும் எட்டு மாதம் பொறுக்க வேண்டும்.

எனக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று வந்துவிட்டது. அப்படியானால் பிறக்கும் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம்வரை பயமில்லையா?
- வாசகி, தேனி

முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பகுதி போகும், குறைமாதக் குழந்தைக்கு அது குறைவு. தடுப்பூசியால் எதிர்ப்பாற்றல் பெற்ற தாயின் குழந்தைக்கு, நோய் வந்து தேறிய தாயின் குழந்தையைவிட அது சீக்கிரம் வற்றும். ஆறாம் மாதத்திலிருந்து ஓட்டை விழத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் தட்டம்மை பரவும்போது ஆறு மாதத்திலேயே ஒரு கூடுதல் ஊசி போடும் வழக்கம் உண்டு, கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒன்பதாம் மாதமும், 16-லிருந்து 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டிய இரண்டும் அப்படியே பாக்கி இருக்கும்.